கினிகத்தேனைக்குக் கீழே இறங்கக் கூடாத எஞ்சின்

1. லொறியில் வந்த கார்

அந்தச் சிவப்புக் கார் ஹட்டனுக்குத் தன் சக்கரங்களில் திரும்பி வரவில்லை. கொழும்பில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பிய காதர் நானா, வழியில் அதை ஏற்றிப் படங்கு போட்டு மூடிக் கயிற்றால் கட்டி, எங்கள் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"போர்மன் ஐயா, ஒங்க ராசாவ ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். தேயிலைப் பெட்டி கணக்கா வாயத் தொறக்காம வந்துச்சு," என்றார்.

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த எஞ்சினைத் திருத்தி வலுக்கூட்டியவன் நான். மூன்று வாரங்களுக்கு முன் அதே கார் நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்திருந்தது.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் ஓரங்கள் உருகிய ஈயம் போல வழிந்திருந்தன. ஏன் அப்படி ஆனது என்பது பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்தது. என் அருகில் நின்ற, எஞ்சின் பூட்டும் பிட்டர் மருதமுத்துவுக்கும் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார்த் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் படிப்பதற்காக அனுபவங்களை எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குரியவை பல உண்டு. இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

2. எதைக் கூட்டுவது, எதை விடுவது

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் ஹட்டனில் ஆங்கிலக் கல்லூரியில் படித்துத் தேறி, கொழும்பில் பொறித்தொழில் பயின்று, முப்பத்திரண்டு வயதில் போர்மன் ஆனவன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன் அந்த நாற்காலியில் அமர்ந்தது அந்தக் கராஜில் அதுவே முதல் தடவை. ஆகவே செய்த வேலையைக் குறித்து என் கையெழுத்து விழுந்த ஒரு ஜொப் கார்டும் குறையோடு திரும்பக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தேன். கவனம் என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மருதமுத்து என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேயிலைத் தொழிற்சாலையின் எண்ணெய் எஞ்சினில் தொழில் பழகியவர். எழுத்து அறியாதவர். ஆனால் எந்த எஞ்சினுக்கும் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். ஆயினும் நான் அவரை 'நீ' என்றே அழைத்தேன். கராஜ் வழக்கம் அது. அவர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் குடியிருந்தார். அவருடைய மனைவி செல்லம்மா அங்கே கொழுந்து பறித்தாள். அவள் பெயர் செக்ரோல் என்ற ஆள்பதிவில் இருந்ததால்தான் லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பரா அவர்களுக்கு. கார்க்காரர் அதே தோட்டத்தின் சின்னதுரை, பெரியதுரைக்கு அடுத்த வெள்ளைக்கார அதிகாரி. சீமையிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர் கையில் கேட்லொக்கோடு வந்தார். பந்தயத்துக்குக் குதிரைவலு போதவில்லை, சுப்பர்சார்ஜர் பூட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று காரணங்களோடு சொன்னேன். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் அந்தக் கருவியின் பாரத்தை அந்த எஞ்சினின் பெயரிங்குகள் தாங்கமாட்டா. அது கப்பலில் வந்து சேர்வதற்குள் பந்தயமும் முடிந்துவிடும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றிப் போட்டால் வலு மிக உயர்ந்த வேகத்தில்தான் கிடைக்கும்; கொண்டைஊசி வளைவுகளில் அது பயன்படாது. சிலிண்டரைப் பெருப்பிக்கச் சுவரில் கனம் இல்லை. மிஞ்சியவை மூன்று: இரட்டைக் கார்பரேட்டர், தடையில்லாத எக்ஸாஸ்ட் குழாய், ஹெட்டின் அடிப்பக்கத்தை லேத்தில் சீவி அமுக்கத்தைக் கூட்டுவது.

இந்த மூன்றிலும் எனக்கும் மருதமுத்துவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு சீவுவது என்பதில்தான் வேறுபட்டோம். அவர் அறுபது தௌ போதும் என்றார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் தௌ என்போம். நான் நூறு என்றேன்.

எனக்குக் கணக்கு இருந்தது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. மெலிந்த காற்றைக் கூடுதலாக அமுக்கினாலும் எஞ்சின் தட்டாது; பெட்ரோல் முந்தி வெடிக்காது. கடல்மட்டத்துக்காக எழுதப்பட்ட அளவுகள் நமக்கு எதற்கு? கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மருதமுத்து கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கணக்கு சரிங்கய்யா. ஆனா மூச்சு விடுற வழியத் தொறந்து விட்டாலே போதும். நெஞ்சப் போட்டு அமுக்கினா, ஒரு நா இல்லாட்டி ஒரு நா கோவிச்சுக்கும்," என்றார்.

"எஞ்சினுக்கு நெஞ்சு இல்லை," என்றேன்.

"இல்லீங்கய்யா. ஆனா இவரு இங்கயேவா ஓட்டிக்கிட்டு இருப்பாரு?"

நூறு தௌ சீவச் சொன்னேன்.

3. மேட்டு ஜெட்

காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோலும் குறைவாகத்தான் போக வேண்டும். பெட்ரோல் பாயும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். புதிய கார்பரேட்டர்களோடு வந்த ஜெட்டுகளைக் கழற்றிவிட்டுச் சிறு துளை உள்ளவற்றைப் பூட்டினோம். எங்கள் பக்கத்து லொறிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. காதர் நானா போன்றவர்கள் மேட்டு ஜெட், பள்ளத்து ஜெட் என்று இரண்டு வைத்திருப்பார்கள். கொழும்புக்கு இறங்கும்போது கினிகத்தேனையில் லொறியை நிறுத்தி, பிளேன்டீ ஆறுவதற்குள் ஜெட்டை மாற்றிவிடுவார்கள். மேட்டு ஜெட்டோடு கீழே ஓடினால் கனத்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் எஞ்சின் காய்ந்து கொதிக்கும். நூறு தௌ சீவிய எஞ்சின் என்றால் கொதிப்பதோடு நில்லாது.

குதிரைவலுவை அளக்கும் கருவி எங்களிடம் கிடையாது. ஓர் ஏற்றமும் என் கைக்கடிகாரமும்தான். திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பிடித்த ஏற்றத்தைக் கார் ஒரு நிமிடம் முப்பத்திரண்டில் ஏறியது. மருதமுத்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அன்று பெருமை தாங்கவில்லை.

காரைக் கையளிக்கும் நாளில் ஜொப் கார்ட்டை எழுத அமர்ந்தேன். மருதமுத்து மேசையருகே வந்தார்.

"ஐயா, கீழ எறங்கினா ஜெட்ட மாத்தணும், அப்பவும் மெதுவாத்தான் ஓட்டணும்னு கார்டுல ஒரு வரி எழுதிருங்க."

எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மெனேஜர் ஐயா படிக்கும் கார்ட்டில், நான் செய்த வேலை மலைக்கு மட்டுமே ஆகும் என்று என் கையாலேயே எழுதுவதற்கு மனம் ஒப்பவில்லை. அது குறைபோலத் தோன்றும். இத்தகைய கார் ஓட்டும் கனவானுக்கு இது தெரியாதா என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'டியூன் செய்து, ஓட்டிப் பார்த்து, நன்றாக உள்ளது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மருதமுத்து கழற்றிய பள்ளத்து ஜெட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு சிகரெட் டின்னில் போட்டு மூடிக் காரின் ஆசனத்துக்கு அடியில் வைத்தார். சின்னதுரை காரில் ஏறியபோது டின்னை எடுத்துக் காட்டி, கீழே போனால் இது என்று தமிழில் சொன்னார். துரை, "சரி, சரி, ரொம்ப நல்ல ஆள் நீ," என்று சிரித்துவிட்டுக் காரைக் கிளப்பினார். அவருக்குத் தெரிந்த தமிழ் காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் இல்லை.

பந்தயம் முடிந்து துரைமார் கிளப்பில் விருந்து நடந்தது. கோப்பையை ஏந்தியபடி துரையும் எங்கள் மெனேஜரும் நிற்கும் படம் ஒபிஸில் மாட்டப்பட்டது. என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்று எனக்கு மனத்தாங்கல். மருதமுத்துவின் பெயரை நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

4. ஒபிஸ் அறை

அதன் பிறகு சின்னதுரை தம் நண்பர்களுக்குக் காரைக் காட்டக் கொழும்புக்குப் புறப்பட்டார். அவிசாவளையைத் தாண்டியதும் சமவெளியில் முழு வேகத்தில் அழுத்தியிருக்கிறார். எஞ்சின் முதலில் தட்டியது, பிறகு புகைந்தது, பிறகு நின்றது. டின் ஆசனத்துக்கு அடியிலேயே கிடந்தது.

விசாரணை மெனேஜரின் அறையில் நடந்தது. அவர் ஒரு பறங்கிக் கனவான். நேர்மையானவர் என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில்தான் பேசினார். மேசைமேல் பிஸ்டனும் சிகரெட் டின்னும் இருந்தன. சின்னதுரை காலை நீட்டி அமர்ந்திருந்தார். மருதமுத்து கதவோரம் நின்றார். அவருக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு.

டின்னில் இருந்த ஜெட்டுகளின் எண்ணை மெனேஜர் கார்பரேட்டரோடு வந்த தாளோடு ஒப்பிட்டார். இவைதாமே உரிய ஜெட்டுகள், உள்ளே சின்னவை இருக்கின்றனவே, உரியவற்றைக் கழற்றி, பிறகு எடுத்து விற்பதற்காக ஒளித்து வைத்தது யார் என்று கேட்டார். துரை மருதமுத்துவைச் சுட்டி, அன்று இவன்தான் டின்னை வைத்து ஏதோ முணுமுணுத்தான் என்றார். எச்சரிக்கையாக வைத்த டின் களவின் சாட்சியாகிவிட்டது.

மெனேஜர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: டின்னைக் காரில் வைக்கும்படி நீர் சொன்னீரா?

இல்லை என்றேன். அது உண்மை. ஜெட்டை மாற்றச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. ஹெட்டை அளந்து பார்க்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. கேட்காத கேள்விகளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

மருதமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பேச்சு போகும் திசை தெரிந்துவிட்டது. இரண்டடி முன்னே வந்தார்.

"ஐயா, அந்த ஜெட்டு எதுக்குன்னு நீங்க எடுத்துச் சொல்லுங்க. கார்டுல எழுதச் சொல்லி நா கேட்டேன்ல, அதையும் சொல்லுங்க. எம் பொஞ்சாதி இவரு தோட்டத்துலதான் பேர் பதிஞ்சிருக்கா."

என்ன சொல்கிறான் என்று மெனேஜர் கேட்டார்.

நான் சொன்ன ஆங்கில வாக்கியத்தில் மூன்றே சொற்கள்: ஹி இஸ் சொரி.

துரை தலையசைத்தார். மெனேஜர் பேனாவை எடுத்தார். மருதமுத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டானே என்று அவரைப் பொலிசில் கொடுக்காமல் வேலையிலிருந்து மட்டும் நிறுத்தினார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். என் வாக்கியம் அவரைச் சிறையிலிருந்து காத்தது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

அடுத்த மாதம் தோட்டத்தில் செல்லம்மாவின் பெயரை வெட்டினார்கள். காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. காம்பராவைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தோட்டத் தமிழரில் பலருக்கு மறுக்கப்பட்ட பிரஜாவுரிமைப் பதிவு எனக்குக் கிடைத்திருந்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எந்த அரசாங்கக் கச்சேரியில் போய் முறையிடுவது?

புதிய எஞ்சின் பூட்டும் பொறுப்பும் எனக்கே வந்தது. அந்த முறை ஹெட்டை அறுபது தௌ சீவினேன். கார் மலையிலும் ஓடியது, கொழும்பிலும் ஓடியது. ஏற்றத்தில் நான்கு விநாடி கூடுதலாகப் பிடித்தது. அந்த நான்கு விநாடிக்குத்தான் நான் நூறு தௌ கேட்டிருந்தேன்.

5. உடப்புசல்லாவை

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு லொறி பார்க்கப் போனேன். அதற்குள் நான் கராஜின் சுப்பிரிண்டெண்டன்ட் ஆகியிருந்தேன். தொழிற்சாலைக்குப் போகும் பாதையோரம் ஐந்தாறு பேர் நீர் வடியும் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்வெட்டியை நிறுத்தி, என் காரின் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார். அந்தச் சாய்வைக் கண்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

இறங்கினேன். சுகம் விசாரித்தேன். செல்லம்மா இங்கே கொழுந்து எடுப்பதாகவும், தம்மைக் கான் வெட்டில் போட்டிருப்பதாகவும் சொன்னார். தொழிற்சாலையில் பிட்டர் வேலை கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டேங்க. பழைய எடத்துல விசாரிச்சாங்க. களவெடுத்துப்புட்டு மன்னிப்புக் கேட்ட ஆளுன்னு கடுதாசி வந்துச்சு."

நான் அவருக்காக இப்போது எழுதித் தருகிறேன் என்றேன். கையில் பேனாவும் இருந்தது. அவர் என் காரைப் பார்த்தபடி, "ரெண்டாவது வால்வு லேசாத் தட்டுதுங்க. பார்த்துக்குங்க," என்றார். பிறகு மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"எனக்கு இங்கிலீசு வராதுங்கய்யா. ஆனா சொரின்னா என்னான்னு தெரியும். நா அன்னைக்கு சொரி சொல்லலீங்க."

மற்றவர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அவரும் குனிந்து வெட்டத் தொடங்கினார். நான் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காரில் ஏறினேன்.

அதன் பிறகு என் கராஜின் ஜொப் கார்ட்டில் ஒரு கட்டத்தைக் கூட்டினேன்: 'இந்த வேலை எங்கே தாங்காது.' அதை நிரப்பாத கார்ட்டில் நான் கையெழுத்திடுவதில்லை. இளைஞர்களே, குதிரைவலுவைக் கூட்டுவது அரிதன்று. எவரும் சீவலாம், துளை பெருப்பிக்கலாம். கூட்டிய வலு எந்த இடத்தில் எஞ்சினைக் கொல்லும் என்பதை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தமைக்காக என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபோது வாசித்தளித்த மடலிலும் அது இருந்தது. நானும் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

அது என் யோசனை அன்று. பிட்டர் மருதமுத்து சொன்னது. அவர் எதையும் களவெடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.