பத்து வார்த்தையில் ஒன்று பொய்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு சோம்பல். உண்மையில் சோம்பல் இல்லை, பயம். அன்றைக்கு ஏறிய பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களைக் கலாய்க்காமல் ஒரு கண்ணாடி கூட ஒட்ட மாட்டேன். என் நண்பன் அதே ஊரில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவது பாஸ். அவனுக்குத் தோள்பட்டை ஜவ்வு கிழிந்துவிட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் கை மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை எதைக் கேட்டுப் போனாலும், இங்கிலீஷ் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று படிக்க ஆரம்பித்தான்.

அவனிடம் இருந்தது பட்டன் போன். பழைய இங்கிலீஷ் பேப்பரில் பத்து வார்த்தைக்குக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, மதியம் ஒரு மணிக்கு என்னைக் கூப்பிடுவான். எழுத்து எழுத்தாகச் சொல்வான். நான் என் போனில் தேடி அர்த்தம் சொல்வேன். அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். முதல் ரெண்டு நாள் ஒழுங்காகத்தான் சொன்னேன். அப்புறம் போரடித்தது. பத்துக்கு ஒன்று சொந்தச் சரக்கு விட ஆரம்பித்தேன்.

"டிலிஜென்ட்னா இன்னாடா?"

"எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கு நிக்கிறவன் மச்சான். உங்கப்பா மாதிரி."

"எங்கப்பாவ ஏண்டா இழுக்கற? சரி, எழுதிக்கினேன். அடுத்தது சொல்றேன் கேளு."

என்றைக்காவது டீக்கடையில் அவன் வாயால் இதைச் சொல்ல வைத்து, எல்லோர் முன்னாலும் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அப்படியே நான்கு மாதம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டான். பின்னால் பஸ் சத்தம்.

"மச்சான், விழுப்புரம் போய்க்கினு இருக்கேன். பைபாஸ்ல புது ஓட்டல் தொறக்கறாங்க, ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கறாங்க. பதினோரு மணிக்கு இன்டர்வியூ. மேனேஜரு இங்கிலீஷ்லதான் கேப்பாராம்."

"சொல்லவே இல்ல?"

"வேலை கெடச்சிட்டு சொல்லலாம்னு பாத்தேன். எல்லாம் பாடம் பண்ணிட்டேன்டா. கேக்கறியா? ஐ ஆம் நாட் எ டிலிஜென்ட் பர்சன், சார். எப்டி?"

நான்கு மாதமாகச் சிரிப்பதற்குக் காத்திருந்த இடம். சிரிப்பு வரவில்லை. "டேய், இரு" என்பதற்குள் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். இன்டர்வியூவுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலேயே போனை அணைத்து வைக்கிற அளவுக்கு ஒழுங்கானவன்.

கடை ஓனரிடம் வயிற்றுவலி என்றேன். வழக்கமாக நம்ப மாட்டார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜல்தி போய் டாக்டரப் பாருடா" என்றார்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் உட்கார முடியவில்லை. நான்கு மாதம், நாளுக்கு ஒன்று. நூறு பொய்யாவது இருக்கும். மூன்றுதான் ஞாபகம் வந்தது. எல்லாமே போனில் வாயால் சொன்னது, நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது என் கை ஈரமாகிக் கம்பி வழுக்கியது.

ஓட்டல் வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையில், வலிக்கிற கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்.

"நீ எங்கடா இங்க?"

"மச்சான், டிலிஜென்ட்னா நல்லா உழைக்கிறவன்டா. சண்டைக்காரன் இல்ல. சும்மா ஓட்டறதுக்குச் சொன்னேன்."

"பேஜாரு பண்ணாத, நானே டென்ஷன்ல இருக்கேன்" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அது ஒண்ணுதானா?"

"தெனம் ஒண்ணு."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். நோட்டைத் திறந்து என் மடியில் வைத்தான், பேனாவைக் கையில் திணித்தான். "எது எது பொய்னு பாத்துக் கோடு போட்டு அடி."

பக்கம் பக்கமாக அவன் கையெழுத்து. இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் நான் சொன்னது. பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் வார்த்தைக்கு மேல் தேடிச் சொன்னவன் நான், ஒன்றுகூட என்னிடம் தங்கவில்லை. ஒவ்வொன்றாகப் போனில் தேடினேன். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. இரண்டாவது பக்கத்தில் ஹாஸ்பிடாலிட்டி. பக்கத்தில் விருந்தோம்பல் என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் விருந்துக்கும் என்ன சம்பந்தம், இது கண்டிப்பாக நான் புளுகியதுதான் என்று கோடு போட்டேன். அப்புறம் தேடினால், அதுதான் சரியான அர்த்தம்.

"ஐயோ, இது கரெக்ட்டுடா" என்று கோட்டின் மேல் மறுபடி எழுதினேன். அவன் நோட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆறு பக்கம் முடிந்தபோது அவனைக் கூப்பிட்டார்கள். நோட்டை என்னிடமே விட்டுவிட்டு உள்ளே போனான். நான் ஏன் மேலே தேடிக்கொண்டே இருந்தேன் என்று தெரியவில்லை. இனி அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் நிறுத்தினால் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். மற்றவர்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

"இன்னா ஆச்சு?"

இல்லை என்று தலையாட்டினான்.

"இன்னா கேட்டாங்க?"

"ஒன்னப் பத்திச் சொல்லுன்னாரு. பேரு சொன்னேன், ஊரு சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல."

"ஏண்டா? மொத ஆறு பக்கம் பாத்துக் குடுத்துட்டேனே. அதுல இருந்தாவது பேசியிருக்கலாம் இல்ல?"

சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"எல்லாமே நீ சொன்ன வார்த்தைடா, எதை நம்பி வாயத் தொறக்கறது?"