பொட்டு வைத்த கம்பியூட்டர்

எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் சும்மாவே சொன்ன பேச்சுக் கேட்காது. அந்த வருஷம் மழை பிடித்ததிலிருந்து சுத்தமாக மோசமாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் மூன்று தடவை 'பீப்' என்று கத்தும், திரை கறுப்பாகவே கிடக்கும். அணைத்து அணைத்துப் போட்டால், அதற்கு மனசு வந்தால் எழும்பும். பக்கவாட்டில் ஒரு அடி போட்டால் வழிக்கு வரும் என்பது என் கட்சி. அடிக்காதே, கெஞ்சு என்பது தங்கச்சியின் கட்சி.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், அட்டனில் ஒருவர் பாவித்துவிட்டு விற்ற பெட்டி அது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு லிந்துலைக்குக் கொண்டுவந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளில் ஒன்றில் அம்மா, நான், தங்கச்சி மூன்று பேர்தான். நான் அதில் வினாத்தாள் அடித்ததோடு சரி. உண்மையில் அது தங்கச்சியின் கம்பியூட்டர். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீட்டுக்கு வந்தவள், அதில்தான் டிசைன் வேலை படித்தாள். கலியாணக் கார்டு, பூப்புனித நீராட்டு விழா பேனர் என்று தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் செய்துகொடுத்தாள்.

அப்போதுதான் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் தேடியது. தங்கச்சி விண்ணப்பித்தாள். ஒரு சோதனை வைப்போம், எந்த நாள் என்று பிறகு அறிவிப்போம் என்றார்கள். அது கிடைக்காவிட்டால் மாதம் பிறந்ததும் பழைய புடவைக் கடைக்கே திரும்புவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அந்தக் கடையின் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மூன்று பீப்புக்கு என்ன அர்த்தம் என்று போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் 'ரேம்' என்று ஒரு சின்னப் பட்டை இருக்கிறதாம். ஈரத்தில் அதன் பற்களில் அழுக்குப் பிடித்தால் இப்படிக் கத்துமாம். கழற்றி அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் சரியாம். எனக்கு ஒரே குஷி. சனிக்கிழமை திறந்து பார்க்கலாம் என்று இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. நான் எழும்பிப் பார்க்கும்போது அம்மா எல்லாவற்றையும் பூஜையில் ஏற்றி முடித்திருந்தாள். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தொழில் செய்கிற பொருள் ஒன்றுகூட வெளியே இருக்காது. அம்மா கொழுந்து பறிக்கிறவள், அதனால் கொழுந்துக் கூடை. பிறகு அரிவாள், கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், பேனா, அழிறப்பர். நடுவில் கம்பியூட்டர் பெட்டி, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக. அதன் தலையில் பொரி கடலைத் தட்டு. ஒரு பொட்டு வைத்தால் அதற்கும் குணமாகும் என்றாள். வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடிந்துதான் தொடவேண்டும். அதுவரை புத்தகத்தைக்கூடப் பிரிக்கமாட்டோம்.

மத்தியானம் தங்கச்சியின் போனுக்குச் செய்தி வந்தது. சோதனை இன்றைக்கே, இரண்டு மணிக்கு. ஐந்து மணிக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். டவுனுக்கு ஓடலாம் என்றால் நம் ஆட்களின் கடையெல்லாம் பூஜைக்குப் பூட்டு. திறந்திருந்த ஒரே கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவர்களிடம் டிசைன் செய்கிற மென்பொருள் இல்லை.

கம்பியூட்டரை இறக்கப் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். சாமிக்கு வைத்த கல்விப் பொருளை இடையில் எடுத்தால் கல்வி நம்மை விட்டுப் போய்விடும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஸ்க்ரூ டிரைவரும் பூஜையில், அழிறப்பரும் பூஜையில், பேசாமல் எங்களையும் பொட்டு வைத்து உட்கார வையுங்கள் என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. நான் கத்தக் கத்த அவள் இன்னும் இறுகித்தான் போனாள்.

தங்கச்சி கத்தவில்லை. "பரவால்லம்மா. நான் கொழும்புக்கே போறேன்" என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் முகம் கழுவி வந்து, சூடம் ஏற்றினாள். நாளைக்குச் செய்ய வேண்டிய பூஜையை இன்றைக்கே செய்வதாகச் சாமியிடம் சொன்னாள். நாங்கள் பொருளை எடுக்கக் கை நீட்டியபோது தடுத்தாள்.

"மொதல்ல நான் எடுக்கிறேன். குத்தம்னா என் தலையோட போகட்டும்."

தன் கொழுந்துக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் தந்தாள். அதன் பிடியிலும் ஒரு பொட்டு இருந்தது.

மூடியைக் கழற்றினால், அடேயப்பா, உள்ளே ஒரு பலசரக்குக் கடை. வருஷா வருஷம் அம்மா தலையில் ஏற்றிய தட்டிலிருந்து, மேலே உடைந்திருந்த ஓட்டை வழியாகப் பொரியும் கடலையும் இறங்கிக் குடியிருந்தன. காற்றாடியில் சாம்பிராணிக் கரி அப்பியிருந்தது. தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷம் பூரா உழைக்கிற பொருளுக்கு ஒருநாள் சாப்பாடு போட்டது தப்பா என்று கேட்டாள்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பெருக்கித் தள்ளினோம். ரேமைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தேன். பற்கள் பளபளத்தன. செருகிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். பீப், பீப், பீப். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மறுபடி கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் பற்கள். நான் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தாளைத் திருப்பிப் பார் என்று தினமும் சொல்கிறவள் நான். தங்கச்சி பிடுங்கிக்கொண்டு போய் அவளே தேய்த்தாள். இரண்டு ஓரத்திலும் 'டக்' என்று கேட்கும்வரை அமுக்கிச் செருகினாள்.

ஒரே ஒரு பீப். திரை நீலமாக விரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இன்னொரு கண்டம் பாக்கி இருந்தது. எங்கள் லயத்தில் யாராவது தண்ணி சுடவைக்கிற கேத்தலோ ஸ்திரிக்கைப் பெட்டியோ போட்டால் எல்லா வீட்டு லைட்டும் மங்கும், கம்பியூட்டர் படுத்துவிடும். அம்மா அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டாள். வீடு வீடாகப் போய், மகளுக்குச் சோதனை, ஐந்து மணிவரை கரண்டில் தண்ணி சுடவைக்காதீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். பூஜை நாளில், விருந்தாட்கள் வந்திருக்கிற வீடுகள். அத்தனை பேரும் அடுப்பை மூட்டி விறகிலேயே தேத்தண்ணி வைத்தார்கள். நான் மூடி திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது சூடாகாமல் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியால் விசிறிக்கொண்டே இருந்தேன். கை கழன்று போகிற மாதிரி வலித்தது, விடவில்லை. தங்கச்சி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்பு "அனுப்பிட்டேன்க்கா" என்றாள். அதற்குள் என் கொப்பி மட்டை கிழிந்துவிட்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வேலை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வெளியே நல்ல மழை. அம்மா மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் வடிந்தது, சேலை தொப்பலாக நனைந்திருந்தது. வாசலுக்கு வருவதற்குள்ளேயே தங்கச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

அம்மா சம்பளம் கேட்கவில்லை. கம்பனி எப்படி என்று கேட்கவில்லை.

"மழ நாள்லயும் வேல இருக்குமா?"

"இருக்கும்மா. வீட்டுக்குள்ளயே இருந்து செய்யலாம்."

தங்கச்சி அவளைக் கட்டிப்பிடிக்க வாசற்படி தாண்டி மழையில் இறங்கினாள். அம்மா ஈரக் கையால் அவளைத் தடுத்து, உள்ளே தள்ளினாள்.

"உள்ள போ. நீ நனையாத."