திராட்சைக் கையும் சர்க்கரை மெஷினும்

போன வாரம் ராயப்பன்பட்டிக்குப் போயிருந்தேன். கூடப் பிறந்த அக்கா லூர்துமேரி வீட்டுக்கு. சவரிமுத்து மச்சானின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் கருகிப்போய், பழனிசெட்டிபட்டியில் இருக்கிற என் பட்டறைக்கு வந்திருந்தது. உள்ளே செம்புக்கம்பிக் காயிலைப் புதிதாகச் சுற்றி முடித்து, நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வரலாமே என்று கிளம்பினேன்.

கிளம்பும்போதே மனசு சரியில்லை. ஆனால் எனக்கு எப்போது மனசு சரியாக இருந்திருக்கிறது? போன் அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுக்கிற ஆள் நான். வாரா வாரம் படித்து நீங்களும் சலித்திருப்பீர்கள்... இந்தத் தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை நேரம். விடிந்ததிலிருந்து மச்சான் பந்தலுக்குக் கீழேதான். பன்னீர் திராட்சை. கொத்தில் வெடித்த பழம் ஒன்று இருந்தாலும் பெட்டி முழுக்கக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு கொத்தையும் திருப்பிப் பார்த்து, வெடித்ததைக் கையாலேயே கிள்ளிப் போடுவார். அந்த வேலைக்கு மட்டும் யாரையும் நம்ப மாட்டார்.

மச்சானுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முந்தி விரலில் குத்திப் பார்த்துவிட்டு இன்சுலின் போட வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு நீட்டினார். அக்கா ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் குத்தினாள்.

மெஷினில் நானூற்றுப் பன்னிரண்டு.

வழக்கமாக இருநூறைத் தாண்டாத மனுஷன்!

“என்னத்தத் தின்னீக?”

“ஒண்ணும் திங்கலயே. காலையில ரெண்டு இட்லி. நீதான வச்ச?”

“இட்லிக்கு நானூறு வருமாக்கும்? பந்தலுக்குள்ள நின்னுக்கிட்டு வெடிச்ச பழத்தையெல்லாம் வாயிலதான போட்டீக?”

“அந்தோணியார் மேல சத்தியமாடி. ஒரு பழம் திங்கல.”

“அவர எதுக்கு நடுவுல இழுக்குறீக, பாவம். அவரா வந்து தின்னாரு? மெசினு பொய் சொல்லுமா?”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீயே சொல்லு. என் தோட்டத்துப் பழத்த நானே திருடித் திங்கவா?”

நான் மெஷினை வாங்கி அந்த நம்பரையே இன்னொரு தடவை பார்த்தேன்.

மச்சான் இன்சுலின் ஊசியை எடுத்தார். இருபது யூனிட் போடுகிற இடத்தில் நாற்பதை ஏற்றிக்கொண்டார். தட்டைத் தள்ளி வைத்தார். “சோத்தையும் நீயே தின்னு. அப்பவாச்சும் நம்புவ.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கே போய்விட்டார்.

நான் கிணற்றடியில் மோட்டாருக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பந்தல் பக்கம் சத்தம். போய்ப் பார்த்தால், பெட்டி ஏற்றுகிறவர்களை மச்சான் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையெல்லாம் நடுக்கம். என்னைப் பார்த்து “யாருலே நீ?” என்றார்.

வேன் டிரைவர் என்னிடம் குசுகுசுத்தார். “என்னண்ணே, பட்டப்பகல்லயே ஊத்திட்டாகளோ?”

குடியைத் தொடாத மனுஷன் அவர்.

அதற்குள் அக்கா ஓடி வந்துவிட்டாள். பழம் வெட்ட வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “யக்கா, ஒரு வாய் சீனித்தண்ணி குடுப்பமா?” என்றாள்.

“ஆத்தாடி, வேணாம்! நானூறு ஏறிக் கெடக்கு. இன்னும் சீனியா?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவது? மெஷின் சொல்லியிருக்கிறதே!

தலைக்கு மேலே பந்தல் முழுக்கச் சர்க்கரை தொங்கியது. அதற்குக் கீழே, சர்க்கரை இல்லாமல் மச்சானுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது.

பழம் ஏற்ற வந்த வேனிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உத்தமபாளையத்துக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் முழங்கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்று. ஏறவே இல்லை... அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸை ஏற்றினார்கள்.

டாக்டரம்மா மச்சானின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நுனியெல்லாம் கறுப்பாகச் சாயம்.

“டெஸ்ட் பண்றதுக்கு முந்தி கையை சோப்பு போட்டுக் கழுவினாரா?”

“துண்டுல தொடச்சாக. நான் ஸ்பிரிட்டும் போட்டேன்” என்றாள் அக்கா.

அது போதாதாம். விரலில் காய்ந்து ஒட்டியிருந்த பழச்சாறு அந்தத் துளி ரத்தத்தோடு கலந்துவிட்டது. மெஷினுக்கு எது மனுஷன் சர்க்கரை, எது பழத்துச் சர்க்கரை என்று தெரியுமா? இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டது. பொய் சொல்லவில்லை. கையில் இருந்ததைச் சொன்னது. நாம்தான் அதை வயிற்றில் இருந்ததாக எடுத்துக்கொண்டோம்.

எட்டாவதோடு நின்றவன் நான். கணையம், கல்லீரல் என்றால் கறிக்கடைதான் ஞாபகம் வரும். ஆனாலும் அந்தம்மா சொன்னது புரிந்தது. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினை விட்டு அதை இறக்குகிறது. போதும் என்ற அளவு வந்ததும் கையைக் கட்டிக்கொள்கிறது. பட்டினி கிடந்தால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஸ்டார்ட்டர் இருக்கிறதே — கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

ஊசியில் போட்ட இன்சுலினுக்கு அந்த ஸ்டார்ட்டர் கிடையாது. உள்ளே போனால் போனதுதான். சர்க்கரை வற்றிய பிறகும் இறைத்துக்கொண்டே இருக்கும். வியர்வையும் நடுக்கமும் உடம்பு போட்ட கூச்சலாம். அதைத்தான் நாங்கள் குடிபோதையோ என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காயில் கருகினால் சுற்றிக் கொடுத்துவிடுவேன். மூளைக்கு எங்கே இருக்கிறது பட்டறை?

மச்சான் பொழுது சாயும் நேரத்தில் கண் திறந்தார். விட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்துக் குழறலாக ஒன்று சொன்னார்.

“நான் திங்கலடி.”

அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் பழைய மச்சான் முழுசாக வரவில்லை. பேச்சு நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிறார். கொத்து வெட்டுகிற கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பேரைத் தேடுகிறார். போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டரம்மா. ‘சரியாகும்’ என்று சொல்லவில்லை, ‘சரியாகலாம்’. என்னை மாதிரி ஆளுக்கு அந்த ‘லாம்’ போதாதா, தூக்கம் கெட?

ஒரு மனுஷன் சாமி மேல் சத்தியம் பண்ணினார். நாங்கள் நம்பவில்லை. உள்ளங்கை அகல மெஷின் ஒரு நம்பரைக் காட்டியது. குடும்பமே நம்பியது. எத்தனை வருஷம் கூட வாழ்ந்தால் மனுஷன் சொல்லுக்கு ஒரு மெஷின் மதிப்பு வரும்?

நேற்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

“மச்சான் எப்படிக்கா இருக்காக?”

“இருக்காகலே. வர்றவுக போறவுக எல்லார்ட்டயும் பேசுறாக.”

“உங்கிட்ட?”



“கைய நீட்டுறாக. கழுவி விட்டுக் குத்துறேன். மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிறாக.”

உங்கள் வீட்டிலும் அந்த மெஷின் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழச்சாறு போய்விடும்... மற்றதை எதைப் போட்டுக் கழுவுவது என்றுதான் அக்காவிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.