தொட்டியில் கை கழுவியவர்

மார்ச் பதினேழாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, நீர்த்தேக்கப் பிரிவின் பொறியாளர் ஆவியளவுத் தொட்டியில் கை கழுவினார். குற்றச்சாட்டு இதுதான். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான அளவீட்டாளரை அலுவலகத்தில் 'மில்லிமீட்டர்' என்பார்கள். கேலிக்கு வைத்த பெயரை அவர் பதவியைப் போல ஏற்றுக்கொண்டார். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவர்; மீதியைக் கிடங்கில் கிடந்த வானிலைக் கையேடுகளிலிருந்து தாமே கற்றார். கரையானுக்கு அடுத்தபடியாக அவற்றைப் புரட்டியவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

இருபத்தேழு ஆண்டுகளாக அவருக்கு வேலை ஒன்றே. அணைக் கரையை ஒட்டிய கம்பிவேலிக்குள் இரண்டு தொட்டிகள். ஒன்றில் தண்ணீர், அதற்குள் ஒரு கூர்முனை. தினமும் காலை எட்டரைக்கு, நீர்மட்டம் மறுபடி அந்த முனையைத் தொடும்வரை அளவுக்குவளையால் ஊற்றுவார். எவ்வளவு ஊற்றினாரோ அவ்வளவை முந்தின நாள் வெயிலும் காற்றும் குடித்திருக்கின்றன என்று பொருள். இன்னொன்றில் மண், அது எடைமேடை மீது நிற்கும். எடை குறைந்த அளவுக்கு மண்ணின் ஈரம் போயிருக்கிறது. இரண்டையும் பதிவேட்டில் எழுதி, வீட்டுக்கும் ஒரு பிரதி எடுத்துப் போவார். அவருடைய மனைவியின் துணிகள் நாற்காலியில் கிடக்க, பதிவேடுகள் அலமாரியில் வாழ்ந்தன.

தொடக்க ஆண்டுகளின் கோடையில் தண்ணீர்த் தொட்டி நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் இழந்தது. இப்போது ஒன்பது. மண் தொட்டியோ இரண்டரையிலிருந்து ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு நேர்ந்த இந்த நகர்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் எழுதுவதை நிறுத்தவில்லை.

பிப்ரவரியில் புதுக் குடியிருப்புக்கு நீர் ஒதுக்கும் கோப்பு வந்தது. ஆவியிழப்புக் கட்டத்தில் ஏழு என்று போட்டால் தண்ணீர் போதும். ஒன்பது என்று போட்டால் போதாது. ஆகவே ஒன்பது பொய்யாக இருந்தே தீரவேண்டும் என்று பொறியாளருக்கு ஞானம் பிறந்தது. ஆறு ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத வேலிக்குள் அவர் தலைமை எழுத்தரைக் கூட்டிக்கொண்டு எழுந்தருளினார்.

"என்னய்யா மில்லிமீட்டர், ஒரே வேலிக்குள்ள ஒரு தொட்டி ஏறுதுங்கற, இன்னொண்ணு இறங்குதுங்கற. வெயில் என்ன ஆள் பார்த்தா அடிக்குது?"

"வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். தண்ணித் தொட்டிய நான் தினம் நிரப்பறேன். மண்ணை யார் நிரப்பறாங்க? மழை விட்டுப் பத்து நாள்ல குடுக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்ல. மண்ணு காயக் காயக் காத்து இன்னும் சூடாகுது. அந்தக் காத்து வந்து தண்ணிய மேயுது."

"சரி, மண்ணுல ஆவியாகறது குறையுதுல்ல? அணையிலயும் குறையும்னு எழுதிடு."

"அணையில தண்ணி இருக்கு சார். மண்ணு இல்ல."

தலைமை எழுத்தர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். பொறியாளர் முகம் சிவந்தது.

"அப்ப நாய் குடிச்சிருக்கும்."

"மேல வலை இருக்கு சார், பூட்டும் இருக்கு. வலைக் கண்ணி ஒரு விரல் அகலம். அதுக்குள்ள மூக்கை விடற நாயை நான் இன்னும் பார்த்ததில்ல."

"பெரிய வக்கீலு! திறய்யா, பார்க்கலாம்."

திறந்தார். வேலியைப் பிடித்ததில் பொறியாளரின் உள்ளங்கையெல்லாம் துருவாகியிருந்தது. அவர் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை தொட்டியில் விட்டுக் கழுவி, ஒரு கை அள்ளி முகத்திலும் அடித்துக்கொண்டார்.

"வெதுவெதுன்னு இருக்கேய்யா" என்றார். அந்த ஆய்வின் முடிவு அவ்வளவே.

மில்லிமீட்டர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: '11.10. பொறியாளர் கை, முகம் கழுவினார். இன்றைய அளவு செல்லாது.' இருபத்தேழு ஆண்டுகளில் அவர் செல்லாது என்று அடித்த நாள்கள் பதினான்கு. பதின்மூன்று, புயல்மழை தொட்டியை வழியவிட்ட நாள்கள். பதினான்காவது இது.

ஏப்ரல் நான்காம் தேதி ஆணை வந்தது. தொட்டியிலிருந்து மனிதர் நீர் எடுத்ததை அளவீட்டாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், அவருடைய பதிவுகள் முழுவதும் ஐயத்துக்குரியவை. அவை நீக்கப்பட்டு, பிரதிகளோடு கழிவுத்தாளில் சேர்க்கப்படும். கணக்கீட்டில் இனிப் பழைய ஏழே வழங்கும். கீழே, துரு போகக் கழுவிய அதே கையின் கையெழுத்து.

மில்லிமீட்டரின் மனைவி ஆணையையும் பதிவேட்டுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"நீங்க பொறியாளர்னு எழுதியிருக்கீங்க, இவங்க மனிதர்ங்கறாங்க. பெரிய பதவி உயர்வா இருக்கே!"

அவர் சிரிக்கவில்லை.

"ஏங்க, அந்த ஒரு வரிய எழுதாம விட்டிருந்தா என்னவாம்?"

"ஒரு வரிய விட்டா மத்த வரியெல்லாம் எதுக்கு?"

"அதுவும் சரிதான். ஆனா அலமாரிய மட்டும் அவங்களுக்குக் குடுத்திடாதீங்க. இத்தனை வருசம் என் துணியெல்லாம் நாற்காலியில கிடந்தது கழிவுத்தாளுக்கா?"

இரண்டு நாள் கழித்துத் தலைமை எழுத்தர் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, பிரதிகளைக் குடுத்திடுங்க. சார் வாயால சொல்லிட்டாரு, உங்களுக்கு ஒரு சிக்கலும் வராது."

"வாயால சொன்னதை அவரே வாயால வாங்கிக்கட்டும்ப்பா. எனக்கு எழுத்துல வரட்டும்."

எழுத்தர் வெறுங்கையோடு போனார். மறுநாள் எட்டரைக்குத் தொட்டி ஒன்பதே கால் மில்லிமீட்டர் கேட்டது. ஊற்றினார், எழுதினார். பிறகு ஆணையின் நகலையும் மார்ச் பதினேழின் பக்கத்து நகலையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் பொறியாளருக்குக் கடிதம் அனுப்பினார். அதன் கடைசிப் பகுதி இது:

'பதிவேட்டில் குறிப்பிட்ட கைகள் யாருடையவை என்பதை ஆணை ஏன் மறைத்தது? ஒரு நாள் கை கழுவியது ஏனைய ஒன்பதாயிரத்து எண்ணூறு சொச்சம் நாள்களை எவ்வழியில் கெடுத்தது? அந்த நாளையும் நானே நீக்கிவிட்டேன் என்பதைத் தாங்கள் படித்தீர்களா? வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது. கையெழுத்தும் தேதியும் இட்ட எழுத்துப்பூர்வமான பதில் பதினைந்து நாள்களுக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். அதுவரை பிரதிகள் என் வீட்டு அலமாரியிலேயே இருக்கும்.'