டோரதி மிஸ்ஸின் ‘இன்டு’

பெங்களூர் நீலசந்திராவில் ‘டோரதி மிஸ்’ என்றால் கணக்கு. பதினெட்டு வருஷம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்தியவர். பள்ளிக்காரர் இடத்தை விற்றார். அங்கே கல்யாண மண்டபம் எழும்பியது. நாற்பத்தாறு வயதுக்காரியை வேறெந்தப் பள்ளியும் சீந்தவில்லை. அதனால்தான் 2006-இல், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வீட்டுக்கணக்கு சொல்லித்தரும் கம்பெனியில் சேர்ந்தார். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடிகாலை. ஐந்தரைக்கெல்லாம் காதில் ஹெட்செட்.

அங்கே டீம் லீடர் மல்லேஸ்வரத்துச் சீனிவாசராகவன். உச்சரிப்புப் பயிற்சியும் அவர்தான். போனில் அவர் பெயர் ஸ்டீவ். மாநில எல்லையான அத்திபெலே தாண்டி ஓசூர் போய்வந்ததுதான் அந்த மனிதர் கண்ட வெளிநாடு. ஆனால் பேச்சைக் கேட்டால் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பிறந்தவர் மாதிரி இருக்கும். ‘இஸட்’ கூடாதாம், ‘ஸீ’யாம். அவ்வளவு ஏன், டோரதி என்பது அங்கே கிழவிகள் பெயராம். இவரை, விடியல் என்று அர்த்தம் வரும் ‘டான்’ ஆக்கிவிட்டார். ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயருக்கே இங்கிலீஷ் போதவில்லை என்று கண்டுபிடித்த மேதாவி!

பயிற்சிக் காலத்தில் மூன்று புகார் வந்தால் வேலை போச்சு. டோரதிக்கு இரண்டு வந்தாயிற்று. இரண்டுமே கெல்லி என்ற மாணவியிடமிருந்து. ‘டான் சொன்னபடியே போட்டேன், விடை தப்பு.’

“கணக்கு சரியாத்தான் சார் சொன்னேன். வேணும்னா ரெக்கார்டிங் கேட்டுப் பாருங்க.”

“கணக்கை யார் கேட்டா? உங்க ஆக்சென்ட் அவளுக்குப் புரியலை. நீலசந்திராவை அப்படியே வாயில வெச்சுண்டு பேசறேள். நாளைக்கு அவ கிளாஸை நானே எடுக்கறேன். பக்கத்துல உக்காந்து கத்துக்கோங்கோ.”

டோரதிக்குக் காது மடல்வரை எரிந்தது. “சரி சார்” என்றார். இந்த வேலையும் போனால் கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்கத்தான் போகவேண்டும்.

மறுநாள் ஸ்டீவ் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை கெல்லியின் குரல் மட்டும்தான் கேட்கும்; அவள் என்ன எழுதுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. அன்றுதான் அவள் எழுதுவதைத் திரையில் காட்டும் வசதி வந்திருந்தது. கணக்கு இது: ஒரு தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட மூன்றடி கூடுதல். பரப்பு நாற்பது சதுர அடி. அகலம் என்ன?

“எக்ஸ் இன்ட்டூ, எக்ஸ் ப்ளஸ் த்ர்ரீ, ஈக்வல்ஸ் ஃபோர்ர்டி!” நாக்கை உருட்டி எடுத்தார் ஸ்டீவ்.

திரையில் கெல்லி ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே எக்ஸ் ப்ளஸ் மூன்று, கீழே எக்ஸ்.

பெருக்கச் சொன்னால் இவள் ஏன் வகுக்கிறாள்? டோரதிக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. கெல்லியின் காதில் ‘இன்டு’ வகுத்தலாக விழுகிறது! ஸீயும் இஸட்டும் பார்த்துப் பார்த்துத் திருத்திய மகானுபாவர், நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவரும் இந்த ஒரு வார்த்தையை யோசிக்கவே இல்லை.

ஸ்டீவ் திரையைப் பார்க்கவில்லை. தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். சரியா என்று கெல்லி கேட்டதற்கு “பர்ஃபெக்ட்!” என்றார்.

டோரதி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

மூன்றாவது புகார் மறுநாளே வந்தது. ‘விடை தப்பு. இவருக்கு டானே தேவலை.’ ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் ‘ஸ்டீவ்’ என்றிருந்தது.

“லைன் சரியில்லை போலிருக்கு,” என்றார் சீனிவாசராகவன். ஆடத் தெரியாதவருக்கு எப்போதும் கூடம்தான் கோணல்.

“சார், த்ரீ இன்டு ட்வெல்வ் எவ்ளோ?” என்று கேட்டார் டோரதி.

“தர்ட்டி சிக்ஸ்.” அந்த அவசரத்திலும் நாக்கு உருண்டது.

“கெல்லியக் கேட்டா நாலும்பா சார். அவங்க ஊர்ல ‘த்ரீ இன்டு ட்வெல்வ்’னா பன்னெண்ட மூணால வகுக்கறது; பெருக்கணும்னா ‘டைம்ஸ்’னு சொல்லணும். அவளுக்கு ஆக்சென்ட் நல்லாவே புரிஞ்சிருக்கு. உங்களோடதும் சரி, நீலசந்திராவோடதும் சரி.”