ஜெபராஜ் திரும்ப வைத்த பிழை

போன வாரம் ஒருநாள் காலையில் கவிதா கூப்பிட்டார். வேலம்பாளையத்தில் தையல் யூனிட் நடத்துபவர். "ஜெபராஜ் அண்ணன் போயிட்டாருங்க" என்றார். பிறகு அவரே, "கேம் வந்ததைப் பாத்துட்டுத்தானுங்க போனாரு" என்றார்.

ஜெபராஜைத் திருப்பூரில் பலருக்கு பேட்டர்ன் மாஸ்டராகத் தெரியும். துணியை வெட்டுவதற்கான அளவு வடிவங்களை வரைபவர். தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலை தேடி வந்த புதிதில் அவர் 'பனியன் பாண்டி' என்ற வீடியோ கேமை எழுதினார் என்பது, அதை அப்போது விளையாடியவர்களுக்குத்தான் தெரியும். பனியன் கம்பெனிக்குள் மெஷின் மேல் மெஷினாகத் தாவி, பாண்டி நூல் கோன்களைச் சேர்க்க வேண்டும். ஊரிலிருந்த கம்ப்யூட்டர் சென்டர்களிலெல்லாம் அது ஃபிளாப்பியில் பரவியது. அன்று விளையாடியவர்கள் சேர்ந்து, இணையத்தில் பணம் திரட்டி, அதைப் போனுக்குக் கொண்டுவர முயன்றபோதுதான் செய்தி எழுதப்போய் அவரைச் சந்தித்தேன்.

அந்த கேமில் ஒரு சாயத் தொட்டி உண்டு. அதன் அகலத்தை ஜெபராஜ் தவறாகப் போட்டிருந்தார். விளிம்பில் நின்று தாவினால் பாண்டி சாயத்தில் விழுவான். ஆனால் இன்னொரு பிழையும் இருந்தது. விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் ஓரடி வைத்த பிறகும் பாண்டியால் தாவ முடியும். அப்படித் தாவினால் கடந்துவிடலாம். இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு வழி ஆகியிருந்தன. புதிய பதிப்பில் ஜெபராஜ் இரண்டையும் திருத்திவிட்டார்.

அன்று விளையாடியவர்களில் ஒருவரான கவிதா, சோதனைப் பதிப்பைப் பார்த்துவிட்டு ஜெபராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, காத்துல கால் வெச்சுத் தாவறது எங்கீங்க போச்சு?"

"அது தப்பும்மா. அப்ப எனக்கு அளவு தெரியல."

"தப்புதானுங்க. ஆனா நாங்க ஓகே பண்ணுன சாம்பிள் அதுதானுங்க. பையர் ஓகே பண்ணுன சாம்பிள்ல காலர் கோணலா இருந்தா, நீங்க நேராத் தெச்சு அனுப்புவீங்களா?"

ஜெபராஜ் சிரித்துவிட்டார். "எந்தொழில வச்சே என்ன மடக்கிட்டியே, தாயி."

ஏற்றுமதிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. வாங்கும் கம்பெனி ஒப்புக்கொண்ட மாதிரி எப்படியோ, சரக்கும் அப்படியே போக வேண்டும். ஆனால் கவிதா போன பிறகு அவர் சிரிக்கவில்லை. அப்போதே அவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. "கடைசியா எம்பேரு நிக்கப்போறது இதுலதான். அளவெடுத்தே பொழச்சவன், தொட்டிக்கு அளவு தெரியாமப் போட்டுட்டான்னு சொல்லுவாங்கல்லா?" என்று கேட்டார். கோவையில் அவருக்காக புரோகிராம் எழுதிய இளைஞர்களும் பிழையைத் திரும்ப வைக்க வேண்டாம் என்றே சொன்னார்கள்.

அடுத்த மாதம் தொட்டி பழைய அகலத்தோடு திரும்பி வந்தது; காற்றில் கால் வைத்துத் தாவுவதும் கூடவே வந்தது. கேம் வெளியானது.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். டயாலிசிஸுக்காகப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போனில் பாண்டியை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். எழுதியவர் பக்கத்திலேயே படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. பாண்டி மறுபடி மறுபடி சாயத்தில் விழுந்தான்.

"எவனோ தப்பாப் போட்டு வெச்சிருக்கறானுங்க. இதைத் தாண்டவே முடியாதுங்க" என்று எங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"தப்புதாங்க. நாந்தான் போட்டேன்" என்றார் ஜெபராஜ்.

எப்படித் தாண்டுவது என்று அவர் சொல்லித்தரவில்லை. ஒருக்களித்துப் படுத்து, அந்த மனிதரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, 'நாந்தான் போட்டேன்' என்ற அந்தக் குரலைத்தான். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை; இந்த ஆள் இனி என்ன செய்வார் என்று அறியும் ஆவல் மட்டும் இருந்தது.