லேத்துக்கு நான் வந்த விதம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் எங்கள் லேத்து பட்டறை இருக்கிறது. என் கணவர் திருச்சியில் ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டுகிற டர்னராக இருந்தவர். கல்யாணமான பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பழைய லேத்தை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தகரக் கொட்டகை, லேத்து, ஒரு வெல்டிங் செட். பட்டறை அவ்வளவுதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிகளுக்கு இரும்பு 'பின்'கள் கடைந்து கொடுப்பார். விவசாயிகளின் மெஷின்களில் சுழன்று சுழன்று தேய்ந்துபோன இரும்புத் தண்டுகளை, ஷாஃப்டுகளை, சரிசெய்வார். நான் கதவு திறப்பேன், போனை எடுப்பேன், டவுனுக்குப் போய் வெல்டிங் ராடு வாங்கி வருவேன். லேத்தைத் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மக்காச்சோள அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதம், லேத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷாஃப்டை அவர் வேஸ்ட் துணியால் துடைத்தார். அப்படிச் செய்யக் கூடாதென்று ஊருக்கே சொல்கிறவர். துணி சுற்றிக்கொண்டு கையை உள்ளே இழுத்தது. நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மூன்றாவது மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்தபிறகும் பட்டறை பூட்டியே கிடந்தது. அந்த ஷாஃப்டுக்குச் சொந்தக்காரர், வேப்பந்தட்டை விவசாயி, ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். மக்காச்சோளம் அடிக்கிற அவருடைய மெஷினின் ஷாஃப்டு பாதி கடைந்தபடி லேத்திலேயே இருந்தது.

"கை இப்படி இருக்கயில கேக்கவே கூச்சமா இருக்கு. கழட்டிக் குடுத்தீங்கன்னா வேற எடத்துல பாத்துக்கறேன்."

மூன்று பேருமாகப் பட்டறைக்குப் போனோம். ஷாஃப்டைக் கவ்வியிருந்த 'சக்' பிடியை என் கணவரால் இடது கையால் தளர்த்த முடியவில்லை. நான் அதன் சாவியை வாங்கிப் போட்டேன். பாதி திருப்பியவள் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"இன்னும் எவ்வளவு கடையணும்?"

"எதுக்கு?"

"நீங்க சொல்லுங்க. நான் ஓட்டறேன்."

"என் கையப் பாத்துட்டுமா கேக்கற?"

"பாத்துட்டுதாங்க கேக்கறேன்."

விவசாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் லேத்தின் மேல் கிடந்த துணியை எடுத்துத் தூர எறிந்தார். பிறகு, "வளையலக் கழட்டு. முந்தானைய இறுக்கிச் சொருவு" என்றார்.

அவர் சொன்னபடி கைப்பிடியைத் திருப்பினேன். ஓரிடத்தில் அதிகம் திருப்பி ஷாஃப்டை மெலிய வைத்துவிட்டேன். பேரிங் போட்டுப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது. விவசாயி அங்கே கிடந்த ஆயில் டின்மேல் உட்கார்ந்தார்.

"போச்சா?"

"போவல அண்ணே. வெல்டு வச்சுத் திரும்பக் கடையலாம்" என்றார் என் கணவர். இடது கையாலேயே வெல்டு வைத்தார். கோணல்மாணலாகத்தான் வந்தது. நான் மறுபடி கடைந்தேன். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது; பேரிங்கைத் தட்டித்தான் ஏற்றவேண்டியிருந்தது.

"ஓடலேன்னா கொண்டாந்துருவேன்மா" என்று சொல்லி, விவசாயி ஷாஃப்டை வண்டியில் கட்டிக்கொண்டு போனார். அந்த அறுப்பு முடிகிறவரை வரவில்லை.

அப்புறம் நான் தினமும் லேத்தில் நின்றேன். என் கணவர் பைக்கில் குவாரிகளுக்குப் போய் வேலை பிடித்து வந்தார். யார் கடைகிறார்கள் என்று அங்கே சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் மறைக்கறீங்க?"

"பொம்பளன்னு சொன்னா வேலை குடுக்க மாட்டான்."

ஒருநாள் லாரி ஓனர் ஒருவர் நேரிலேயே வந்து, வாசலில் நின்று நான் 'பின்' கடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இவங்கதானா?"

"ஆமாங்க" என்றார் என் கணவர்.

ஓனர் போய்விட்டார். அவரிடமிருந்து வேலை வருவது நின்றது. எதிர்பார்த்ததுதான் என்பதால் எங்களுக்குள் சண்டை வரவில்லை. சில வாரங்கள் கழித்து அந்த ஓனருடைய டிப்பர் ஒன்று எங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே 'பின்' உடைந்து நின்றது. டிரைவர் போனை என்னிடம் நீட்டினார்.

"சாயந்தரத்துக்குள்ள முடியுமாம்மா?" ஓனர்தான்.

"முடியுங்க."

முடித்துக் கொடுத்தேன். மறுவாரம் பழையபடி வேலை வந்தது.

இப்போது மொத்த ஆர்டர்கள் திருச்சியில் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் போய்விட்டன. வழியில் உடைவதும் அவசர வேலைகளும் எங்களுக்கு வருகின்றன. இரண்டாவதாக ஒரு லேத்து வாங்கியிருக்கிறோம். ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண் விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து அதை ஓட்டுகிறாள். என்னைவிட வேகம். அவளுக்குத் தகரத்துக்குக் கீழே சூடு தாங்கவில்லை. போன வாரம் சூட்டைத் தடுக்கத் தகரத்துக்கு அடியில் அட்டை அடிக்க ஆள் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்.